கொடிக்காரரின் நாலு நிமிடம்

காலை ஏழு மணிக்கே மொன்ஷிரி கடற்கரையில் வெயில் பளீரென்று அடித்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. முப்பத்தொரு படகுகளும் கரையில் சும்மா கிடந்தன. கொடிக்கம்பத்தின் அடியில், சுருட்டிய வெள்ளைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற கியோதாகா ஒனோதெரா கடலைப் பார்க்கவில்லை. தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் களத்தில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடற்பாசி காயப்போடும் களம் அது. முழுக்கக் கூழாங்கல். முந்தின நாள் மாலைதான் புல்லையெல்லாம் பிடுங்கி, கல்லைப் புரட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். இப்போது கல் சுடத் தொடங்கிவிட்டது. காய்வதற்குத்தான் எதுவும் இல்லை.

"ஏங்க," என்றாள் அவர் மனைவி ஃபுமியே, எல்லோர் காதிலும் விழும்படி. "அந்த மூடுபனிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? அக்குள்லயா?"

பெண்கள் சிரித்தார்கள். பனி வரும் என்று கியோதாகா சொல்லி வெயில் அடிப்பது பதினைந்து நாளுக்குள் இது மூன்றாவது தடவை.

ஹொக்கைதோவின் கிழக்குக் கரையில் கொன்பு எடுக்கிற ஊர்களில் கொடி என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கொன்பு என்கிற அந்தப் பாசி ஏழெட்டு ஆள் நீளத்துக்கு வளரும். எடுத்த அன்றைக்கே காயவேண்டும். ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்தால் மஞ்சளித்துப் போகும், வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அப்புறம் அதை யாரும் தொடமாட்டார்கள். அதனால் இங்கே அலைக்குப் பயப்படுவதைவிட வானத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். இன்றைக்குப் பகல் முழுக்க வெயில் இருக்குமா என்பதை ஊருக்காக ஒரே ஒரு ஆள் முடிவு செய்வார். அவர்தான் கொடிக்காரர். விடிகாலை ஐந்து மணிக்குக் கொடி ஏறினால் முப்பத்தொரு படகும் ஒரே நேரத்தில் இறங்கும். ஏறாவிட்டால் ஒரு படகின் அடிமரமும் தண்ணீரைத் தொடக்கூடாது, கொடிக்காரர் படகு உட்பட. ஐந்து மணிக்குச் சொன்னதை ஆறு மணிக்கு மாற்றவும் முடியாது. தாமதமாக இறங்கி, தாமதமாகக் களத்தில் விரித்தால், காய்ந்து முடியுமுன் மாலை ஈரம் இறங்கிவிடும்.

பதினான்கு வருஷமாக அந்தக் கொடி கியோதாகா கையில் இருந்தது. வயது அறுபத்திரண்டு. குள்ளம், அகன்ற தோள், வெயில் பட்டுப்பட்டுக் கறுத்த கழுத்து. படகோட்டுவதில் சுமார் ரகம். பாசியை முறுக்கிப் பிடுங்கும் கழியை அவர் கையாளும் அழகைப் பார்த்து மற்றவர்கள், "கியோ சேமியாவக் கிளர்றான்" என்பார்கள். அவர் படகுதான் எப்போதும் அரைச் சுமையோடு கடைசியில் கரைசேரும். ஆனால் வானத்தைப் பார்த்துச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர். அந்தப் பேர் ஒன்றுதான் அவருக்கு இருந்தது. கொடி போய்விட்டால் அவர் முப்பத்தொரு படகுக்காரர்களில் ஒருவர், அதிலும் மட்டமானவர். இது மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

விதி விஷயத்தில் மட்டும் அவர் கறார். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கொடி ஏற நாலு நிமிஷம் இருக்கும்போது ஒரு படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. இறக்கியது மசஹாரு. இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். சறுக்குப் பாதையில் பிடி நழுவி இறங்கிவிட்டது என்று மசஹாரு சொன்னார். நழுவினதா, நழுவவிட்டதா என்று கடலுக்குத்தான் தெரியும். கியோதாகா மீனவர் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். தண்டனையாக, அந்தப் பருவத்தின் நல்ல மூன்று நாட்கள் மசஹாரு கரையில் உட்கார்ந்திருந்தார். மறுவருஷம் பாசியே வேண்டாம் என்று கழியை விற்றுவிட்டு, சால்மன் பிடிக்கிற நிலைவலைக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கடையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சோயா சாஸ் பக்கம் திரும்பிக்கொள்வார், ஒருவர் பிஸ்கட் பக்கம்.

கியோதாகாவுக்குத் தெரிந்த வித்தை பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கோடையில் தெற்கேயிருந்து வரும் காற்று தூரத்து வெப்பக் கடல்மேல் பல நாள் கிடந்து வருகிறது. சூடும் ஈரமும் அதன் வயிறு முழுக்க. அது மொன்ஷிரி பக்கம் வரும்போது கீழே இருப்பதோ வடக்கிலிருந்து இறங்கும் குளிர்நீரோட்டம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் எப்படி வேர்க்கிறதோ, அப்படித்தான் இதுவும். காற்றின் அடிப்பாகம் கடல்மேல் பட்டுக் குளிர்ந்து, தாங்கமாட்டாமல் ஈரத்தைக் கக்கிவிடுகிறது. அதுதான் மூடுபனி. காற்று எங்கே பிறந்தது என்பது பாதிக் கதைதான். எந்தத் தண்ணீர்மேல் நடந்து வந்தது என்பது மீதிக் கதை. மூடுபனி முற்றினால் 'ஜிரி' என்பார்கள். நின்றால் மூக்கு நுனியில் சொட்டும். ஜிரி விழுந்த நாளில் களத்தில் ஒரு கைக்குட்டைகூடக் காயாது.

ஆக, மாலையில் தெற்குக் காற்று கிளம்பினால் காலையில் கொடி இல்லை. மேற்கோ வடக்கோ கரைக்காற்று இருந்தால் கொடி உண்டு. இந்த ஒரு கணக்கில் அவர் பதினோரு வருஷம் ஓட்டினார். தண்ணீர் எப்போதும் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவேண்டிய தேவையே வரவில்லை. இந்த மூன்று வருஷமாகத்தான் கடல் வேறு மாதிரி நடக்கிறது. ஜூலையிலேயே பதினேழு, பதினெட்டு. வெதுவெதுப்பான அந்தத் தண்ணீர்மேல் தெற்குக் காற்று வந்தால் குளிரக் காரணம் இல்லை. விடியும்போது மெல்லிசாக ஒரு திரை நிற்கும். ஆறரைக்குக் கிழிந்துவிடும். அப்புறம் நாள் முழுக்க வெயில்.

மூன்று தடவையும் அந்தத் திரையைப் பார்த்துத்தான் அவர் கொடியைச் சுருட்டினார்.

அன்று மதியம் தைகோ வந்தான். இருபத்தொன்பது வயசு, அப்பா படகை எடுத்து நடத்துகிறவன், மரியாதை தெரிந்த பையன். அதனாலேயே கியோதாகாவுக்கு அவன்மேல் எரிச்சல்.

"மாமா, கோபப்படாதீங்க. இதைப் பாருங்க." செல்போனில் கடல் வரைபடம். சிவப்பும் ஆரஞ்சுமாக இருந்தது. "மேலேருந்து சாட்டிலைட் எடுக்கிறது. நம்ம முனைகிட்ட பதினேழரைன்னு காட்டுது. பதினேழரைல எங்கேருந்து மாமா பனி வரும்?"

"பனி எங்கேருந்து வரும்னு நீ எனக்குச் சொல்றியா."

"நான் சொல்லல மாமா. இது சொல்லுது." தைகோ குரலைத் தாழ்த்தினான். "மாசக் கடைசி வியாழக்கிழமை கூட்டத்துல கொடியைப் பத்திப் பேசப்போறாங்களாம். என் பேரைச் சொல்றாங்க. நான் கேக்கல, சத்தியமா. முன்னாடியே உங்ககிட்டச் சொல்லிடணும்னு தோணிச்சு."

அவன் போனபிறகு கியோதாகா தன் செல்போனிலும் அந்த வரைபடத்தை இறக்கச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். ஃபுமியே இறக்கிக் கொடுத்தாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதற்கடுத்த நாட்களில் ஒரு புயல்சின்னம் வந்து உட்கார்ந்துகொண்டு, நாலு நாள் மேகமும் இரண்டு நாள் மேற்குக் காற்றுமாக ஆட்டிவைத்தது. சனிக்கிழமை விடியற்காலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. முந்தின மாலை தெற்குக் காற்று. பழைய கணக்குப்படி கொடி கூடாது. செல்போனைப் பார்த்தார். பதினேழு. ஐந்து மணிக்குக் கொடியை ஏற்றினார். ஒலிபெருக்கி கூவ, முப்பத்தொரு படகும் சிரிப்பும் சத்தமுமாக இறங்கின.

எட்டு மணிக்குப் படகுகள் சுமையோடு திரும்பின. எட்டேகாலுக்குக் களம் முழுக்கப் பாசி விரித்தாயிற்று, கறுப்பு நாடாக்கள் கல்மேல் மினுமினுத்தன. எட்டரைக்குத் தெற்கே கடலுக்குமேல் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பியது. ஒன்பதுக்கு ஜிரி. அடுத்த ஆள் முகம் தெரியவில்லை. காயவைக்கும் மெஷின் ஏழு வீட்டில்தான் உண்டு, அதிலும் கால்வாசிப் பாசிதான் அடங்கும். மீதி எல்லாம் மறுநாள் மஞ்சளித்துப் போய், வண்டியில் அள்ளிக் கொட்டப்பட்டது.

என்ன நடந்தது என்று தைகோதான் கண்டுபிடித்து வந்து சொன்னான். முகம் செத்துப் போயிருந்தது. "மேகம் இருந்தா சாட்டிலைட்டுக்குத் தண்ணி தெரியாதாம் மாமா. நாலு நாளா பழைய நம்பரையே காட்டியிருக்கு. அந்த மேற்குக் காத்து மேல்தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போய், அடியிலேருந்து குளிர்த்தண்ணி மேல வந்திருக்கு. நானும் கவனிக்கல."

"நீ கவனிக்கலைன்னு யாரும் பேசலடா. கொடிய ஏத்தினது நான்." கியோதாகாவுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பழைய கணக்கை நம்பினால் வெயில். புதுக் கணக்கை நம்பினால் பனி. பழைய ஆட்கள், "செல்போனப் பார்த்துக் கொடி ஏத்தற ஆளு என்னத்துக்கு" என்றார்கள். இளவட்டங்கள், "அதைக்கூட ஒழுங்காப் பார்க்கத் தெரியலியே" என்றார்கள். இரண்டு கூட்டமும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றார்கள்: கொடி இனி கியோதாகாவிடம் இருக்கக்கூடாது.

வேண்டியது ஒரே ஒரு எண். கரை கடலுக்குள் நீளும் அந்த முனைக்கு வெளியே, இன்றைக்கு, இந்தக் காலையில், தண்ணீர் எத்தனை டிகிரி? ஞாயிறு முழுக்க அதை நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார். துறைக்குள் கையைவிட்டுப் பார்த்துப் புண்ணியமில்லை. அது தேங்கின தண்ணீர், வெயில்பட்டுச் சூடாகிப் பொய் சொல்லும். படகை எடுத்துப் போய்ப் பார்க்கலாம் என்றால் கொடி ஏறாமல் படகு இறங்கக்கூடாது. கொடி ஏற்றலாமா என்று தெரிய வேண்டுமானால் படகு இறங்கவேண்டும். இந்த விதியை ஊரிலேயே அதிகமாகக் கட்டிக் காத்தவர் அவர்தான்.

திங்கட்கிழமை, குளியல் தொட்டியில் போடுகிற வெப்பமானியைத் தூண்டில் கயிற்றில் கட்டி, அலைத்தடுப்பின் நுனியில் நின்று வீசினார். முதல் வீச்சில் பன்னிரண்டு என்று காட்டியமாதிரி இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டாவது தடவை வீசினார். பாறை இடுக்கில் மாட்டியது. இழுத்தார். கயிறு மட்டும் வந்தது.

"அது நான் வாங்கினது," என்றாள் ஃபுமியே, ராத்திரிச் சாப்பாட்டில். மிசோ சாற்றை அவர்முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மசஹாரு தினமும் முனையத் தாண்டித்தான் வலைக்குப் போறாரு. படகுல தண்ணிச் சூடு பார்க்கிற மீட்டர் இருக்கு. விடிகாலை நாலு மணிக்கெல்லாம் திரும்பி வந்துர்றாரு. அவங்களுக்குக் கொடியும் கிடையாது கம்பமும் கிடையாது."

கியோதாகா சாற்றைக் குடித்தார்.

"கேட்டா என்ன குறைஞ்சுபோயிரும்?"

"உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். நாலு நிமிஷம். பதினோரு வருஷமா இந்த வீட்டுல கடிகாரம் அதையே அடிக்குது." அவள் எழுந்து கிண்ணங்களை அடுக்கினாள். "சனிக்கிழமை அள்ளிக் கொட்டினதுல என் முதுகுவலியும் சேர்த்திதான். அதையும் யோசிச்சுக்கங்க."

செவ்வாய் மழை, கொடிக்கு வேலை இல்லை. புதன் விடிகாலை நாலு மணிக்கு, கோடையில் அங்கே அதற்குள் விடிந்துவிடுவதால் நல்ல வெளிச்சத்தில், கியோதாகா மீன்துறைக்குப் போனார். நிலைவலைப் படகு கட்டியாயிற்று. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த மசஹாரு நிமிர்ந்து பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கடையில் பக்கவாட்டிலேயே பார்த்ததால் இது இவ்வளவு நாள் தெரியவில்லை.

கியோதாகா தொண்டையைச் செருமினார். "முனைகிட்டத் தண்ணி எத்தனை?"

மசஹாரு பெட்டியைக் கீழே வைத்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "யார் கேக்கறது? என் சிநேகிதனா, கொடிக்காரனா?"

"கொடிக்காரன்."

"நல்லவேளை. சிநேகிதன்னு சொல்லியிருந்தா தண்ணில தள்ளியிருப்பேன்." டின் காபியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "நம்பர் இருக்கு. ஆனா எனக்கு இப்ப கை நழுவுதுடா. நாலு நிமிஷம் நில்லு. நழுவறது நிக்கட்டும்."

படகிலிருந்த இரண்டு பேர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். கியோதாகா நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. மசஹாரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காபியை முடித்தார்.

"பதினொண்ணு புள்ளி நாலு," என்றார் கடைசியில். "முனைக்கு வெளிய ரெண்டு மைலுக்கும் அதான். இப்பப் போ."

ஐந்து மணிக்கு வானம் சுத்தமாக இருந்தது. இளம் தெற்குக் காற்று. சூரியன் எழுந்து படகுகளின் பக்கவாட்டில் பளபளத்தது. கியோதாகா கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்தார்.

கூட்டத்திலிருந்து ஒருவர், "இந்த மனுஷனுக்குக் கண்ணும் போச்சு," என்றார். இன்னொருவர், "நாளைக்குச் சாயங்காலம் வரைதான், பொறுத்துக்க," என்றார். சிலர் வீட்டுக்குப் போகாமல், வேண்டுமென்றே அவர் எதிரில் படகு விளிம்பில் உட்கார்ந்து வெயில் காய்ந்தார்கள். ஆறு மணி, வெயில். ஏழு, வெயில். கியோதாகா கொடியை மறு அக்குளுக்கு மாற்றினார். மசஹாரு வேண்டுமென்றே பொய் எண்ணைச் சொல்லியிருந்தால்? பதினோரு வருஷம் காத்திருந்து பழிவாங்க இதைவிடச் சுலபமான வழி உண்டா?

ஏழு நாற்பதுக்கு முனை மறைந்தது. எட்டுக்கு அலைத்தடுப்பு மறைந்தது. எட்டேகாலுக்குக் கொடிக்கம்பத்தின் உச்சி தெரியவில்லை. படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்களின் புருவத்தில் சொட்டுச் சொட்டாக ஜிரி நின்றது.

யாரும் வாழ்த்தவில்லை. ஒருவர் எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, "இதை நேத்தே சொல்லியிருந்தா நான் இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் மாலை சங்கக் கட்டடத்தில் கூட்டம். தலைவர் கசாமா மற்ற எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுக் கடைசியாக, "அப்புறம் கொடி," என்றார்.

தைகோ கையைத் தூக்கினான். "மாமா, நேத்து எப்படித் தெரிஞ்சது? வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. என் போன்ல பதினாறு காட்டுச்சு."

முப்பது பேரும் திரும்பினார்கள். கியோதாகாவின் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. அனுபவம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கொடி அவருடையது. நாளைக் காலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு மறுபடி நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

"மசஹாரு சொன்னான்," என்றார். "முனைத் தண்ணி பதினொண்ணு புள்ளி நாலுன்னு. எனக்காத் தெரியல."

கசாமா நிம்மதியாக மூச்சுவிட்டார். "அப்ப விஷயம் சுலபம். மசஹாருகிட்ட நம்பரை வாங்கறதுக்கு யாரா இருந்தா என்ன? தைகோவுக்கு அனுப்பச் சொல்லிடலாம். கொடியும் தைகோகிட்ட இருக்கட்டும். கியோவும் பாவம், நிம்மதியாத் தூங்கட்டும்."

பலர் தலையை ஆட்டினார்கள். கியோதாகா மேசையைப் பார்த்தார். பதினான்கு வருஷம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

தைகோ அங்கேயே மசஹாருவை போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். விஷயத்தைச் சொன்னான். "தினமும் நாலு மணிக்கு எனக்கு ஒரு மெசேஜ் போட்டாப் போதும் மாமா."

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது. "முடியாது," என்றார் மசஹாரு.

"மாமா?"

"யாருக்கும் மெசேஜ் போடமாட்டேன். கியோதாகா வரணும். கொடிக்காரனா வரணும். நேர்ல வந்து கேட்டு, நாலு நிமிஷம் நிக்கணும். தினமும். பருவம் முடியற வரைக்கும். வேற யாரு வந்தாலும் மீட்டர் ரிப்பேரு."

போன் வைக்கப்பட்டது. யாரோ ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். கசாமா கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"சரி," என்றார். "கொடி கியோகிட்டயே இருக்கட்டும். வேற வழியில்ல."

நன்றி சொல்வதா, மேசையைக் கவிழ்ப்பதா என்று கியோதாகாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். ஃபுமியே விஷயம் கேட்டு, "நாலு நிமிஷம்தானே," என்றாள். அவர் கதவைச் சாத்திய வேகத்தில் அலமாரியில் கிண்ணங்கள் அதிர்ந்தன.

மறுநாள் காலை நாலு மணிக்கு மீன்துறையில் நின்றார். கேட்டார். மசஹாரு கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, டின் காபியைத் திறந்தார். இந்தத் தடவை ஒரு நாற்காலியும் போட்டிருந்தார், தனக்கு.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு," என்றார் நடுவில். "கால் வலிக்குதா?"

"உன் வேலையப் பாரு."

"இதான் என் வேலை."

நாலாவது நிமிஷம் முடிந்தது. மசஹாரு காபி டின்னை நசுக்கிப் பெட்டியில் போட்டார்.

"பதினாலு."

கியோதாகா காத்திருந்தார். "பதினாலா?"

"பதினாலு. சூடும் இல்ல, குளிரும் இல்ல. வர்ற காத்து எவ்வளவு ஈரத்தோட வருதுங்கறதப் பொறுத்து பனி விழலாம், விழாமலும் போகலாம். இதுக்கு என் மீட்டர் உதவாதுடா. நீதான் யோசிக்கணும்."

தெற்கேயிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கியோதாகா நாக்கை நீட்டி அதை ருசி பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. கரையில் முப்பது பேர் காத்திருப்பார்கள். கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள் மென்றபடி அவர் கொடிக்கம்பத்தை நோக்கி நடந்தார்.